ஒரு கம்பி, ஒரு அகதி, ஊரெங்கும் வகுப்புகள்: 'பார்' உடற்பயிற்சியை உருவாக்கிய லோட்டே பெர்க் யார்?

'பார்' என்றாலே நம்ம ஊரில் வேறொரு இடம்தான் நினைவுக்கு வரும். ஆனால், பெருநகரங்களின் ஜிம் விளம்பரங்களில் தென்படும் 'பார் கிளாஸ்' என்பதற்கும் மதுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாலே நடனக் கலைஞர்கள் பயிற்சியின்போது பிடித்துக்கொள்ளும், ஏறக்குறைய இடுப்பு உயரக் கம்பிக்கு பிரெஞ்சு மொழியில் உள்ள பெயர் அது. அந்தக் கம்பியைப் பிடித்தபடி, ஓடாமல், பெரிய எடை எதையும் தூக்காமல், நின்ற இடத்திலேயே கால்களை நடுங்க வைக்கும் உடற்பயிற்சிதான் 'பார்'.

இன்று அமெரிக்காவில் மட்டும் இதற்கு நூற்றுக்கணக்கான ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. பியூர் பார், பார் மெத்தட், பார்3, ஃபிசிக் 57 என்று பெயர்களும் ஏராளம். இவற்றில் ஃபிசிக் 57 மும்பை வரைக்கும் வந்துவிட்டது. எல்லாமே 'பார்' என்றால் இத்தனை பெயர்கள் எதற்கு? ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்? எது யாருக்குப் பொருந்தும்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால், பெரும்பாலான பாதைகள் ஒரே இடத்தில் போய் முடிகின்றன. லண்டனில், மான்செஸ்டர் தெருவில் இருந்த ஒரு நிலவறை. அங்கே 1959-ல், தன் 46-வது வயதில், ஒரு பெண்மணி பெண்களுக்கான உடற்பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அவர் பெயர் லோட்டே பெர்க். நாஜிகளிடம் இருந்து தப்பி வந்த யூத நடனக் கலைஞர். இந்தப் பயிற்சியைப் புரிந்துகொள்ள, முதலில் அவருடைய கதையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பியானோவில் இருந்து நடனத்துக்கு

லோட்டே 1913 ஜனவரி 13 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தார். இயற்பெயர் லீசலோட்டே ஹைமான்சோன். யூதரான அப்பா ஆடைத் தொழிலில் இருந்தவர், வசதியான குடும்பம். மகள் பெரிய பியானோ கலைஞராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. சிறு வயதில் இருந்தே லோட்டே பியானோ கற்றார். ஆனால், மனசு முழுக்க நடனத்தின் பக்கம்தான் இருந்தது. வளர்ந்த பிறகு அவர் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லோட்டே கற்றது பாலே நடனத்தை அல்ல. மேரி விக்மன் என்ற ஜெர்மானியக் கலைஞரின் வழிவந்த நவீன நடனம் அது. விக்மனின் மரபு பாலேயின் கட்டுக்கோப்பான அழகை ஏற்கவில்லை. விரல் நுனியில் நிற்பது, தேவதைபோல மிதப்பது எல்லாம் அதில் கிடையாது. வெறுங்காலோடு, தரையை மிதித்து, உள்ளே இருக்கிற உணர்ச்சியை உடல் வழியாக வெளியே கொண்டுவருவதே நோக்கம். விக்மனின் புகழ்பெற்ற படைப்பின் பெயரே சூனியக்காரியின் நடனம் என்பதுதான்.

இன்று பாலே உடல்வாகு என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் ஒரு பயிற்சி, பாலேயை எதிர்த்து எழுந்த ஒரு நடன மரபில் வளர்ந்தவரிடம் இருந்து வந்தது என்பது வேடிக்கையான முரண்தான்.

ஹிட்லர் வந்த பிறகு

நடனத்தில் கிடைத்த துணை எர்னஸ்ட் பெர்க். அவரும் கொலோனைச் சேர்ந்த நடனக் கலைஞர். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். சேர்ந்தே மேடையும் ஏறினார்கள். 1934-ல் மகள் எஸ்தர் பிறந்தாள்.

ஆனால், அதற்கு முந்தைய ஆண்டே எல்லாம் மாறிவிட்டது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கலைத் துறை முழுவதையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு உருவாக்கப்பட்டது. அதில் உறுப்பினராக இல்லாதவர் தொழில் செய்ய முடியாது. யூதர்களை அதில் இருக்க விடவில்லை. அதாவது, ஒரு யூத நடனக் கலைஞரின் பிழைப்பே பறிபோனது. மேடையை இழப்பதோடு அது நிற்காது என்பது நாளாக நாளாகத் தெளிவானது.

லோட்டேவைக் காப்பாற்றியது கணவரின் பாஸ்போர்ட். எர்னஸ்ட் கொலோனில் பிறந்திருந்தாலும் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அந்த ஒரு ஆவணம் இருந்ததால், குழந்தையோடு அந்தக் குடும்பம் 1930-களில் லண்டன் வந்து சேர முடிந்தது. அது இல்லாத லட்சக்கணக்கான யூதர்களுக்கு என்ன நடந்தது என்பது உலகறிந்த வரலாறு.

லண்டனில் பிழைப்பு

உயிர் தப்பியாயிற்று. ஆனால், சாப்பாட்டுக்கு வழி? வேற்று மொழி பேசும் ஊரில், அதிகம் அறிமுகமில்லாத ஒரு நடன பாணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? லோட்டே கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கு மாடலாக மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்தார். வாய்ப்பு கிடைத்த மேடைகளில் ஆடினார்.

வயது ஏறியது. நடனக் கலைஞர்களுக்கு நாற்பது வயது என்பது பெரும்பாலும் முடிவுரை. அதன் பிறகு பலரும் ஆசிரியராக மாறுவார்கள், இல்லையென்றால் ஒதுங்கிவிடுவார்கள். நாற்பதுகளின் நடுவில் இருந்த லோட்டேவும் அந்த இடத்தில்தான் நின்றார்.

அவருக்கு முதுகில் காயம் ஏற்பட்டது என்றும், அதைச் சரிசெய்ய மருத்துவப் பயிற்சிகளையும் நடனக் கம்பியில் செய்யும் அசைவுகளையும் கலந்து அவரே ஒரு முறையை உருவாக்கினார் என்றும் பார் வகுப்புகளில் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதோடு வயதும் பணத்தேவையும் சேர்ந்துகொண்டன. தனக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து தன் உடலும் அதைப் பற்றிய அறிவும்தான் என்ற நிலையில், அதையே அவர் தொழிலாக்கினார்.

மான்செஸ்டர் தெருவின் நிலவறை

1959-ல் லண்டனின் மேற்குப் பகுதியில், முன்பு தொப்பி தயாரித்துக்கொண்டிருந்த ஒரு நிலவறையை ஸ்டூடியோவாக மாற்றினார் லோட்டே. பெரிய இயந்திரங்கள் எதுவும் இல்லை. ஒரு கம்பி, தரை விரிப்பு, இசை, கூடவே கண்டிப்பான ஓர் ஆசிரியர். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பெண்கள் வியர்வை சிந்த உடற்பயிற்சி செய்வது வழக்கமான காரியம் அல்ல. ஜிம் என்பது ஆண்களின் இடமாக இருந்தது. தசை வலுப்பெற்றால் பெண்மை போய்விடும் என்ற பயம் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், கருப்பு உடையும் குட்டை முடியுமாக நின்ற இந்த ஜெர்மன் பெண்மணி, பெண்களின் தொடை, வயிறு, இடுப்புத் தசைகளை நடுங்க நடுங்க வேலை வாங்கினார்.

செய்தி வாய்வழியாகவே பரவியது. நடிகைகள் ஜோன் காலின்ஸ், பிரிட் எக்லாண்ட், ஷான் ஃபிலிப்ஸ், எழுத்தாளர் எட்னா ஓ பிரையன் போன்றவர்கள் அந்தப் படிகளில் இறங்கி வந்தார்கள். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டும் அந்த வரிசையில் உண்டு. பிரபலம் என்பதற்காக யாருக்கும் சலுகை கிடைக்கவில்லை. சோம்பேறித்தனம் காட்டினால் திட்டு நிச்சயம்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

லோட்டேவின் முறைக்கு மூன்று அடிப்படைகள். இன்றைய எல்லா பார் வகுப்புகளிலும் இவை ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

முதலாவது, அசையாமல் தாங்கி நிற்பது. குதிகாலை உயர்த்தி, முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நிற்க வேண்டும். பரதநாட்டியத்தின் அரைமண்டியில் சில நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது புரியும். உடல் அறிவியலில் இதற்கு ஐசோமெட்ரிக் பயிற்சி என்று பெயர். தண்ணீர் நிறைந்த வாளியை முழங்கை மடக்கித் தூக்கிப் பிடித்தபடி நிற்பது போல; கை நகராது, ஆனால் தசை முழு வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, மிகச் சிறிய அசைவு. அந்த நிலையிலேயே ஓர் அங்குலம் மேலே, ஓர் அங்குலம் கீழே. பார்ப்பவருக்கு அசைவதே தெரியாது. இதைப் பலமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, உடனே நீட்டுவது. எந்தத் தசை களைத்துப் போனதோ, அதை அடுத்த நிமிடமே நன்றாக நீட்டி விடுவார்கள். அதன் பிறகுதான் அடுத்த தசைக்குப் போவார்கள்.

கால் ஏன் அப்படி நடுங்குகிறது?

பார் வகுப்புக்குப் புதிதாகப் போகிறவர்களை பயமுறுத்துவது இந்த நடுக்கம்தான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு தசைக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. சாதாரணமாக நிற்கும்போது எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. ஒரு குழு களைத்தால் இன்னொரு குழு பொறுப்பேற்கும். நரம்புகள் அதைச் சீராக நடத்திக்கொள்வதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

தொடர்ந்து ஒரே நிலையில் தாங்கி நின்றால், களைத்த இழைகளின் எண்ணிக்கை கூடும். மீதமுள்ளவற்றை வைத்துச் சமாளிக்க நரம்பு மண்டலம் திணறும். கட்டளைகள் சீராகப் போகாமல் விட்டுவிட்டுப் போகும். அதன் விளைவே நடுக்கம். தசை களைப்பின் எல்லையை நெருங்குகிறது என்பதுதான் இதன் பொருள். ஆனால், மூட்டில் குத்துகிற மாதிரி வலி வந்தால் அது வேறு கதை. உடனே நிறுத்திவிட வேண்டும்.

பேசக்கூடாததைப் பேசியவர்

லோட்டே லண்டனில் பேசப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடுப்பையும் அடிவயிற்றையும் வலுப்படுத்தினால் பெண்ணின் தாம்பத்திய வாழ்க்கையும் மேம்படும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். சில பயிற்சிகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கும் செய்தித்தாளில் அச்சிட முடியாது.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், 1960-களின் தொடக்கத்தில், பெண்ணுக்கும் உடல் சார்ந்த விருப்பம் உண்டு என்று ஒரு வகுப்பறையில் நின்று சொல்வது துணிச்சலான காரியம். கணவனுக்காக உடம்பைக் குறைக்க வந்தவர்களிடம், இந்த உடம்பு உனக்கானது என்ற எண்ணத்தை அவர் விதைத்தார். பிற்காலத்தில் இந்தப் பயிற்சி அமெரிக்க வணிகச் சங்கிலிகளாக மாறியபோது, முதலில் சத்தமில்லாமல் மறைந்துபோனது இந்தப் பகுதிதான். கம்பி மிஞ்சியது, அதன் பின்னால் இருந்த கலகக் குரல் மிஞ்சவில்லை.

அட்லாண்டிக்கைக் கடந்த பெயர்

லண்டனுக்கு வந்து லோட்டேவிடம் கற்ற அமெரிக்கப் பெண்களில் ஒருவர் லிடியா பாக். இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் நிச்சயம் எடுபடும் என்று கணித்த அவர், லோட்டே பெர்க் என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கினார். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், கிழக்கு 67-வது தெருவில் 'லோட்டே பெர்க் மெத்தட்' ஸ்டூடியோ திறக்கப்பட்டது.

அது முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. பணக்காரப் பெண்கள், நடிகைகள், மாடல்கள் எனக் கூட்டம் குறையவில்லை. அமெரிக்காவில் பார் உடற்பயிற்சியின் தாய்வீடாக மாறியது அந்த ஒரு கட்டிடம்தான். அங்கே ஆசிரியராக, மாணவியாக, உரிமம் பெற்றவராக இருந்தவர்கள் பின்னர் வெளியே வந்து ஆளுக்கொரு பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார்கள். ஆலமரம் விழுதுவிட்ட கதைதான். ஆனால், விழுதுகள் எல்லாம் வெவ்வேறு பெயரில் வளர்ந்தன. 2000-களின் நடுவில் தாய்மரமான நியூயார்க் ஸ்டூடியோ மூடப்பட்டது.

பெயரை விற்கலாம், அசைவை விற்க முடியுமா?

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. லோட்டேவின் பயிற்சியை இத்தனை பேர் எப்படி எடுத்துக்கொள்ள முடிந்தது? சட்டம் தடுக்கவில்லையா?

லோட்டே கொடுத்தது தன் பெயருக்கான உரிமையை. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால், முழங்காலை மடக்கிக் குதிகாலை உயர்த்தும் ஓர் அசைவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அமெரிக்க நீதிமன்றங்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. சூடான அறையில் செய்யப்படும் பிக்ரம் யோகாவின் 26 ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கோரிய வழக்கில், அப்படி ஓர் உரிமை கிடையாது என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடல்நலனுக்கான ஒரு செயல்முறையைப் புத்தகமாக எழுதினால் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு; செயல்முறைக்குக் கிடையாது.

ஜோசப் பிலாட்டீஸ் உருவாக்கிய பயிற்சிக்கு நேர்ந்ததையும் இதோடு ஒப்பிடலாம். 1967-ல் அவர் இறந்த பிறகு, பிலாட்டீஸ் என்ற பெயருக்கு வணிகமுத்திரை உரிமை கோரப்பட்டது. 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் அது ஒரு பொதுச்சொல் என்று அறிவித்தது. பிலாட்டீஸின் முறை பொதுச்சொத்தானது. ஆனாலும் வகுப்புக்குப் போகும் ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். லோட்டேவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவருடைய பயிற்சிக்கு நிலைத்தது கம்பியின் பெயர். அது எப்போதுமே யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொல்.

இன்றைய பார் வகுப்புகள்: எது எப்படி?

எல்லா நிறுவனங்களும் ஒரே கிணற்றில் இருந்து தண்ணீர் எடுத்தவைதான். ஆனாலும் ருசி மாறுகிறது.

பார் மெத்தட்: பர் லெனார்ட் என்பவர் லோட்டே பெர்க் உரிமத்தோடு கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். பின்னர் பிரிந்து, 2001-ல் சான் பிரான்சிஸ்கோவில் பார் மெத்தட்டைத் தொடங்கினார். பிசியோதெரபி நிபுணர்களின் ஆலோசனையோடு, மூட்டுகளுக்குச் சிரமம் தராத வகையில் பழைய பயிற்சிகளைத் திருத்தியதே இதன் சிறப்பு. வேகம் குறைவு. ஆசிரியர் ஒவ்வொருவரின் நிலையையும் கவனித்துத் திருத்துவார். புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற பாணி.

பியூர் பார்: 2001-ல் மிச்சிகன் மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கேரி ரெசாபெக் டோர் தொடங்கியது. இவர் நடனக் கலைஞர், சட்டமும் படித்தவர். உரிமக் கிளைகள் மூலம் அமெரிக்காவின் மிகப்பெரிய பார் சங்கிலியாக வளர்ந்தது. அதிரடி இசை, இடைவெளி இல்லாத வேகம், மிகச் சிறிய அசைவுகள். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அனுபவம் கிடைக்கும்.

கோர் ஃபியூஷன்: நியூயார்க் லோட்டே பெர்க் ஸ்டூடியோவில் நீண்ட காலம் ஆசிரியர்களாக இருந்த ஃபிரெட் டெவிட்டோ, எலிசபெத் ஹாஃப்பாப் தம்பதியர் 2000-களின் தொடக்கத்தில் எக்ஸ்ஹேல் நிறுவனத்தில் உருவாக்கியது. யோகாவையும் பிலாட்டீஸையும் கலந்தது. மூச்சுக்கும் மன அமைதிக்கும் முக்கியத்துவம் தருவது.

ஃபிசிக் 57: லோட்டே பெர்க் ஸ்டூடியோவின் மாணவி ஜெனிஃபர் மானவி, ஆசிரியர் டான்யா பெக்கர் இருவரும் 2006-ல் நியூயார்க்கின் 57-வது தெருவில் தொடங்கியது. தசையை முழுக்கக் களைக்க வைத்து, உடனே நீட்டும் லோட்டேவின் அடிப்படை இதில் தெளிவாகவே தெரியும். ஆனால் வேகம் அதிகம், நெஞ்சு படபடக்கும்.

பார்3: சேடி லிங்கன் 2008-ல் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் தொடங்கியது. பார், யோகா, பிலாட்டீஸ் மூன்றும் கலந்தது. சிறிய அசைவுகளோடு பெரிய அசைவுகளும் உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் எளிய மாற்று வழி சொல்லித்தருவார்கள். அடுத்தவரைப் பார்த்து ஓடாமல், தன் உடல் சொல்வதைக் கேட்கச் சொல்லும் பாணி.

எக்ஸ்டெண்ட் பார்: நடனக் கலைஞர் ஆண்ட்ரியா ரோஜர்ஸ் 2008-ல் புளோரிடாவில் தொடங்கியது. பிலாட்டீஸும் நடனமும் தூக்கலாக இருக்கும். கம்பியை விட்டு விலகி, தாளத்துக்கு ஏற்ப நகரும் பகுதிகளும் உண்டு. ஒரே இடத்தில் நிற்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பிடிக்கும்.

இடுப்பை உள்ளே மடக்குவதா, இயல்பாக விடுவதா?

பார் ஆசிரியர்களிடையே இன்றும் ஓயாத விவாதம் இது. லோட்டேவின் பழைய முறையில், வால் எலும்பைக் கீழ்நோக்கி இழுத்து, இடுப்பை முன்பக்கமாக மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அடிவயிறும் பிட்டமும் சட்டென இறுகும். பியூர் பார் போன்ற பாணிகள் இதைப் பிரபலப்படுத்தின.

பார்3 போன்றவை வேறு பக்கம் நிற்கின்றன. முதுகெலும்புக்கு இயற்கையாகவே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவோடு நின்றபடியே பயிற்சி செய்வதுதான் நல்லது என்பது அவர்களின் வாதம். நாள் முழுக்க நாற்காலியில் கூன்போட்டு உட்காருபவரின் இடுப்பு ஏற்கெனவே மடங்கித்தான் இருக்கும். அவரை மேலும் மடக்கச் சொல்வது சரியல்ல என்கிறார்கள். கீழ்முதுகு வலி இருப்பவர்கள் வகுப்பில் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்புவதிலும் கவனம் தேவை. திருப்பம் இடுப்பு மூட்டில் இருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் பலவந்தமாகத் திருப்பினால் சுமை முழுவதும் முழங்காலில் இறங்கும்.

'நீண்ட, மெல்லிய தசை' உண்மையா?

பார் விளம்பரங்களில் அதிகம் அடிபடும் வாக்குறுதி இது. எடை தூக்கினால் தசை பருக்கும், பார் செய்தால் தசை நீளும் என்பார்கள். இது சரியல்ல. ஒரு தசை எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்பது பிறவியிலேயே தீர்மானமானது. எந்தப் பயிற்சியும் அந்த இடத்தை மாற்றாது. கால்களும் நீளாது.

அப்படியானால் பார் பயனற்றதா? அதுவும் இல்லை. தசைகளின் தாங்கும் திறன், உடல் சமநிலை, நிமிர்ந்து நிற்கும் பழக்கம், மூட்டுகளின் நெகிழ்வு ஆகியவற்றுக்கு இது நல்ல பயிற்சி. குதிப்பது குறைவு என்பதால் பலருக்கும் சாத்தியமானது. ஆனால், இதில் பயன்படுத்தும் எடைகள் ஒரு கிலோ, இரண்டு கிலோ அளவில்தான் இருக்கும். அதிக வலிமை வேண்டும் என்றால் கூடுதல் எடைப் பயிற்சி தேவை. மெதுவான பார் வகுப்பு, வேகநடையின் இடத்தையும் முழுமையாக நிரப்பாது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலியக்கமும், வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் இரண்டாவது பகுதிக்கு பார் உதவும். முதல் பகுதிக்கு நடைப்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டுவலி, பழைய காயம் உள்ளவர்கள் மெதுவான, திருத்திச் சொல்லித்தரும் பாணியில் தொடங்கலாம். ஏற்கெனவே உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்கள் வேகமான பாணிக்குப் போகலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே சேர வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் பெயரைவிட, வகுப்பை நடத்தும் ஆசிரியர் உங்கள் முழங்காலைப் பார்க்கிறாரா, இல்லை கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்கிறாரா என்பது முக்கியம்.

மகளின் பார்வையில் அம்மா

வகுப்பறையில் ஆயிரம் பெண்களுக்கு நம்பிக்கை தந்த லோட்டே, வீட்டில் எப்படி இருந்தார்? இதற்குப் பதில் சொன்னவர் மகள் எஸ்தர் ஃபேர்ஃபாக்ஸ். அம்மாவைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்பு அன்பும் கசப்பும் கலந்தது. நினைத்தபடி வாழ்ந்த பெண்மணி லோட்டே. திருமணத்துக்கு வெளியே உறவுகள் இருந்தன. அதை அவர் மறைக்கவும் இல்லை. எர்னஸ்டுடனான மணவாழ்க்கையும் நிலைக்கவில்லை. அந்தச் சுதந்திரத்துக்கான விலையில் ஒரு பங்கை, தாயின் கவனம் கிடைக்காமல் வளர்ந்த மகள் கொடுத்தார்.

ஆனாலும், அம்மாவின் வேலையை விடாமல் தொடர்ந்தவரும் எஸ்தர்தான். இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்ட் என்ற சிறிய ஊரில், அம்மா கற்றுத்தந்த அதே முறையை எஸ்தர் பல ஆண்டுகள் கற்பித்தார். அங்கே பளபளப்பான கண்ணாடிச் சுவர்களோ, பிராண்டு பெயர் பொறித்த காலுறைகளோ இல்லை.

கம்பி நிலைத்தது

லோட்டே எண்பது வயதைக் கடந்த பிறகும் பயிற்சியை விடவில்லை. இளவயதுக்காரர்கள் திணறும் நிலைகளை அவர் சாதாரணமாகச் செய்து காட்டுவார். அவருடைய முறைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு தேவைப்படவில்லை.

2003 நவம்பர் 4 அன்று, 90-வது வயதில் அவர் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்காவில் பார் மெத்தட்டும் பியூர் பாரும் தொடங்கியிருந்தன. ஃபிசிக் 57, பார்3 எல்லாம் அவர் மறைவுக்குப் பிறகு வந்தவை. பின்னாளில் இந்த நிறுவனங்களில் சில, பெரிய உடற்பயிற்சிக் குழுமங்களின் கைக்கு மாறின. பியூர் பாரை 2018-ல் எக்ஸ்போனென்ஷியல் ஃபிட்னஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு பார் மெத்தட்டும் வேறொரு குழுமத்துக்குப் போனது.

நாஜிகள் அவருடைய மேடையைப் பறித்தார்கள். வயது நடன வாழ்க்கையை முடித்துவைக்கப் பார்த்தது. பெயரின் உரிமை இன்னொருவருக்குப் போனது, பயிற்சி எல்லோருக்குமானது. இன்று கம்பியைப் பிடித்து நடுங்கிக்கொண்டு நிற்கும் பெண்களில் பலருக்கும் லோட்டே பெர்க் என்ற பெயர் தெரியாது. ஆனால், 46 வயதுக்குப் பிறகு ஒரு பெண்ணின் உடலால் என்ன செய்ய முடியும் என்று ஒரு நிலவறையில் அவர் காட்டியதைத்தான், தெரியாமலேயே அவர்கள் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.